ஜாக் பென்னியின் திரை வாழ்வு: வானொலி நகைச்சுவை சினிமாவுக்குப் போனபோது நேர்ந்தது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1945 ஏப்ரலில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி ஹார்ன் புளோஸ் அட் மிட்நைட்’ என்ற நகைச்சுவைப் படம் வசூலில் தோல்வியடைந்தது. அதன் நாயகன் ஜாக் பென்னி. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அமெரிக்க வீடுகளின் வானொலிப் பெட்டிகள் அவருக்காகவே திருப்பப்பட்ட காலம் அது. பெரும் நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் விளம்பரத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவர் இந்தப் படத்துக்குப் பிறகு எந்தத் திரைப்படத்திலும் நாயகனாக நடிக்கவில்லை. சில படங்களில் சில நிமிடங்கள் தலைகாட்டியதோடு சரி.

வானொலியில் கொடிகட்டிப் பறந்த நகைச்சுவையாளர்கள் சினிமாவில் ஏன் அதே உயரத்தை எட்டவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: காதால் கேட்டவரைக் கண்ணால் பார்த்ததும் நேயருக்குச் சலித்துவிட்டது என்பார்கள். சிலர் விஷயத்தில் இது பொருந்தலாம். பென்னியின் வழக்கை எடுத்து அலசினால் இந்தப் பதில் நிற்கவில்லை. அவர் பார்வைக்கு லட்சணமானவர்; மேடையில் பல ஆண்டுகள் பழகியவர்; பின்னாளில் தொலைக்காட்சியில் 1950 முதல் 1965 வரை தாக்குப்பிடித்தவர். ஆகவே காரணத்தை அவருடைய முகத்தில் தேடிப் பயனில்லை. அவருடைய நகைச்சுவை எப்படிக் கட்டப்பட்டிருந்தது, சினிமா அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பின்புலம்

பென்னி 1894 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் பெஞ்சமின் குபெல்ஸ்கி என்ற பெயரில் பிறந்தார். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் வாக்கீகன் நகரில். யூதக் குடியேறிகளின் மகனான அவர், வாடெவில் என்னும் பல்சுவை மேடைகளில் வயலின் வாசிப்பவராகத் தொடங்கி, நாளடைவில் வயலினைக் கையில் வெறுமனே வைத்துக்கொண்டு பேசிச் சிரிக்கவைப்பவராக மாறினார். இவருக்கு வானொலிக்கு முன்பே சினிமா கிடைத்துவிட்டது என்பது பலரும் கவனிக்காத செய்தி. எம்.ஜி.எம். நிறுவனம் தன் நட்சத்திரங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்டிய ‘ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’ படத்தில் நிகழ்ச்சியை நடத்திவைத்த இருவரில் அவர் ஒருவர். அடுத்து வந்த சில படங்கள் அவரை எங்கும் கொண்டுசேர்க்கவில்லை.

1932 மார்ச்சில் எட் சல்லிவனின் வானொலி நிகழ்ச்சியில் விருந்தினராகப் பேசியதுதான் திருப்புமுனை. அதே ஆண்டு மே 2 அன்று கனடா டிரை என்ற பான நிறுவனத்தின் செலவில் அவருடைய சொந்த நிகழ்ச்சி என்.பி.சி. வானொலியில் தொடங்கியது. 1934இல் ஜெல்லோ என்ற இனிப்புப் பண்ட நிறுவனம் விளம்பரதாரராக வந்த பிறகு நிகழ்ச்சி நிலைபெற்றது. அன்றைய வானொலியில் நிகழ்ச்சியின் பெயரே விளம்பரதாரரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ‘ஜெல்லோ நிகழ்ச்சி’ என்றால் பென்னி என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள்.

இங்கே தொழில்முறைச் சூழலையும் சொல்ல வேண்டும். ஒலிப்படம் வந்த புதிதில் ஹாலிவுட் வானொலியைப் போட்டியாளராகவே பார்த்தது. மக்கள் இலவசமாகக் கேட்கும் குரலுக்குக் காசு கொடுத்துத் திரையரங்குக்கு வருவார்களா என்று திரையரங்கு உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். அதே வேளையில், இலவசமாகவே புகழ் தேடித்தந்த வானொலிப் பெயர்களைப் பாரமவுண்ட் போன்ற நிறுவனங்கள் விட்டுவைக்கவும் இல்லை. 1932இல் ‘தி பிக் பிராட்காஸ்ட்’ எடுத்து, அந்தத் தலைப்பில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி மேலும் படங்களைப் பாரமவுண்ட் வெளியிட்டது. கதை ஒரு சாக்கு; வானொலியில் கேட்டவர்களை வரிசையாகப் பார்க்கவைப்பதே நோக்கம். பென்னி ‘பிக் பிராட்காஸ்ட் ஆஃப் 1937’ வழியாக இந்த வரிசையில் சேர்ந்தார். முப்பதுகளின் நடுவில் பெரிய நிகழ்ச்சிகள் பலவும் நியூயார்க்கை விட்டு ஹாலிவுட்டுக்கு இடம்பெயர்ந்ததால், வாரம் ஒரு ஒலிபரப்பு, இடைப்பட்ட நாள்களில் படப்பிடிப்பு என்று இரண்டையும் ஒரே ஊரில் நடத்த முடிந்தது.

வானொலியில் உருவான ஆள்

நேயர்கள் அறிந்த ‘ஜாக் பென்னி’ ஒரு பாத்திரம். கஞ்சன், தன் வயது முப்பத்தொன்பது என்று ஆண்டுதோறும் சாதிப்பவர், வயலின் நன்றாக வாசிப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர். இவை மேல்பூச்சு மட்டுமே. அடியில் இருந்த ஏற்பாடு வேறு: நிகழ்ச்சியின் தலைவர் பென்னிதான், ஆனால் சிரிப்பு வரும் வசனங்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்கே கொடுக்கப்பட்டிருந்தன. மனைவி மேரி லிவிங்ஸ்டன், அறிவிப்பாளர் டான் வில்சன், இசைக்குழுத் தலைவர் ஃபில் ஹாரிஸ், பாடகர் டென்னிஸ் டே, வீட்டுப் பணியாள் ராச்செஸ்டராக வந்த எடி ஆண்டர்சன் என ஒவ்வொருவரும் வாராவாரம் அவருடைய தற்பெருமையைக் குத்திப் பார்ப்பார்கள். குத்துப்பட்டவர் என்ன செய்வார் என்பதில்தான் சிரிப்பு இருந்தது. பெரும்பாலும் அவர் எதுவும் சொல்லமாட்டார். அந்த மௌனத்தை நேயர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இதற்குப் பலரும் அறிந்த சான்று 1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சி. பக்கத்து வீட்டுக்காரராக நிகழ்ச்சியில் வந்துபோன நடிகர் ரொனால்டு கோல்மன் அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். அந்தச் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோகும் பென்னியை ஒரு திருடன் வழிமறித்து, பணமா உயிரா என்று மிரட்டுகிறான். பதில் இல்லை. ஒலிவாங்கியில் நிசப்தம், அரங்கில் சிரிப்பு கிளம்பி, அடங்கி, மீண்டும் எழுகிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி கேட்டபோதுதான், யோசித்துக்கொண்டிருப்பதாகப் பென்னி எரிந்துவிழுகிறார். பதினாறு ஆண்டுகளாக அந்தக் கஞ்சனோடு பழகிய நேயருக்குத்தான் அந்த இடைவெளியில் என்ன ஓடுகிறது என்று தெரியும். புதிதாகக் கேட்பவருக்கு அது வெறும் தாமதம். இந்த ஆய்வில் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்: பென்னியின் மூலதனம் வாராவாரம் சேர்ந்த பழக்கம்.

இன்னொன்று, கண்ணுக்குப் புலப்படாத பொருள்கள். அவருடைய பழைய மேக்ஸ்வெல் கார், குரல் கலைஞர் மெல் பிளாங்கின் தொண்டையிலிருந்து இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் கிளம்பும். வீட்டில் கார்மைக்கேல் என்றொரு துருவக் கரடி உண்டு. எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவரை அது விழுங்கிவிட்டதாக ஒரு பேச்சு நீண்ட நாள் ஓடியது. வானொலியில் ஒரு கரடியை வளர்க்க ஒரு வாக்கியம் போதும்.

பாரமவுண்ட் செய்த கணக்கு

இந்த வெற்றியை அப்படியே திரைக்குப் பெயர்க்க முடியும் என்று நம்பி எடுக்கப்பட்ட படங்களில் 1940இல் வந்த ‘பக் பென்னி ரைட்ஸ் அகெய்ன்’ முக்கியமானது. வானொலியில் அவர் கௌபாய் வேடம் கட்டிய குறுநாடகங்களே அதற்கு வித்து. திரைக்கதையை எழுதியவர்கள் வானொலியில் அவருக்கு எழுதிய பில் மாரோவும் எட் பெலோயினும். இயக்குநர் மார்க் சாண்ட்ரிச். ஃபில் ஹாரிஸ், டென்னிஸ் டே, ராச்செஸ்டர், ஆண்டி டெவைன் எனப் பழகிய ஆள்களும் வந்தார்கள். வானொலியில் பென்னியோடு விளையாட்டுச் சண்டை போட்டுவந்த நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலனின் குரல் மட்டும் வானொலிப் பெட்டியிலிருந்து கேலி பேசியது. படத்தின் சாமர்த்தியமான இடங்களில் அது ஒன்று. கரடியும் திரையில் வந்தது. வந்தவுடன் அது ஒரு கரடி ஆகிவிட்டது, அவ்வளவுதான். எரிவாயு மீட்டர்க்காரரின் கதி குறித்துக் கற்பனை செய்ய நேயருக்கு இடமில்லாமல் போனது.

படம் நன்றாகவே ஓடியது என்பதை மறைக்கக் கூடாது. பென்னியின் படங்கள் எல்லாமே தோல்வி என்று பரவியிருக்கும் எண்ணத்தை வளர்த்தவர் பென்னியேதான், அதற்கு வருவோம். 1941இல் ஃபாக்ஸ் எடுத்த ‘சார்லீஸ் ஆண்ட்’ படத்தில் பெண் வேடமிட்டு வந்தபோதும் கூட்டம் இருந்தது. ஆனால் இவற்றை இன்று பார்த்தால், ஞாயிறு மாலை அரைமணி நேரத்தில் கச்சிதமாக இருந்த ஒன்றைக் காதல் கதையும் பாட்டும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்திருப்பது தெரிகிறது. நாயகன் என்றால் கடைசியில் நாயகியைக் கைப்பிடிக்க வேண்டும். வானொலிப் பென்னியோ எதிலும் வெல்லாமல் இருப்பதால்தான் பிடித்தமானவர். இந்த முரண்பாட்டைப் பாரமவுண்ட் கடைசிவரை தீர்க்கவில்லை.

1940 டிசம்பரில் வந்த ‘லவ் தை நெய்பர்’ இதைவிடத் தெளிவான பாடம். பென்னிக்கும் ஆலனுக்கும் 1936 டிசம்பர் இறுதியில் விளையாட்டாகத் தொடங்கிய வானொலிச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆலன் தன் நிகழ்ச்சியில் வைவார். பென்னி தன் நிகழ்ச்சியில், நாள்கள் கழித்து, பதிலடி கொடுப்பார். இரண்டையும் கேட்டு இணைத்துப் பார்க்கும் வேலை நேயருடையது. காத்திருப்பதே பாதிச் சுவை. படத்தில் இருவரும் ஒரே சட்டகத்துக்குள் நின்று, ஒருவர் சொன்ன உடனே மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். இடையில் ஆலனின் உறவுக்காரப் பெண்ணாக மேரி மார்ட்டின் வந்து பென்னியைக் காதலித்தார். சண்டை சப்பென்று ஆகிவிட்டது.

மற்றவர்கள்

ஒப்பிட்டுப் பார்க்கச் சில பெயர்கள் போதும். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ வானொலித் தொடரில் கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த வெள்ளையர்களான ஃபிரீமன் காஸ்டனும் சார்லஸ் கரெலும் 1930இல் ஆர்.கே.ஓ.வின் ‘செக் அண்ட் டபுள் செக்’ படத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். குரலில் இருந்தபோது மறைந்திருந்த போலித்தனம் படத்தில் வெட்டவெளிச்சமானது. அதே படத்தில் கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவும் தோன்றியது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழு என்று பார்ப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது என்று, வெளிர்நிறக் கலைஞர்களான ஹுவான் டிசோலுக்கும் பார்னி பிகார்டுக்கும் கறுப்பு மை பூசினார்கள். அந்தக் காலத்தின் நிறவெறியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. முகத்தைக் காட்டியதே கேடானது என்ற வாதம் இந்த வழக்கில் உண்மையாகவே பொருந்துகிறது.

நகைச்சுவையாளர் பாப் ஹோப் நேர் எதிர்த் திசை. ‘பிக் பிராட்காஸ்ட் ஆஃப் 1938’ படமும் அதே ஆண்டு செப்டம்பரில் பெப்சோடென்ட் பற்பசையின் பெயரில் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியும் அவரைச் சேர்ந்தே தூக்கிவிட்டன. அவருடைய கோழைத்தனமும் வாய்ச்சவடாலும் கதைக்குள் ஓடவும் ஒளியவும் தோதானவை. பழக்கம் இல்லாத பார்வையாளருக்கும் உடனே புரிபவை. ஃபிரெட் ஆலனோ சொல்லாட்சிக்காரர். அவருக்கு உடல் ஒரு சுமை. 1945இல் வந்த ‘இட்ஸ் இன் தி பேக்’ படத்தின் தொடக்கத்தில் பெயர்ப் பட்டியலையே கிண்டலடித்துப் பேசும் அவருடைய குரல்தான், என் கணிப்பில், அந்தப் படத்தின் உச்சம். அதாவது ஆலனின் சிறந்த திரைத் தருணமும் வானொலியாகவே இருந்தது.

ராச்செஸ்டராக வந்த எடி ஆண்டர்சனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1937இல் ஒரு நிகழ்ச்சியில் ரயில் சுமைகூலியாகப் பேசப் போனவர், நேயர்களின் வரவேற்பால் பென்னியின் வீட்டுப் பணியாளாகவே நிலைத்துவிட்டார். அந்தக் கரகரத்த குரலுக்குத் திரையில் ஆட்டமும் சேர்ந்தபோது, பென்னியின் படங்களில் பென்னியையே அவர் மிஞ்சினார். ‘பக் பென்னி’ படத்துக்கு நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலேயே சிறப்புத் திரையிடல் நடத்தினார்கள். 1943இல் எம்.ஜி.எம்.மின் ‘கேபின் இன் தி ஸ்கை’ படத்தில் அவரே நாயகன். ஆனால் 1945இல் ‘பிரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ படத்தை மெம்ஃபிஸ் நகரத் தணிக்கையாளர் தடைசெய்தார். ஆண்டர்சனின் பாத்திரம் வெள்ளையர்களோடு அளவுக்கு மீறிச் சமமாகப் பழகுகிறது என்பதே குற்றச்சாட்டு. வானொலியில் முதலாளியைக் கேலி செய்யும் பணியாளின் குரலை வாரந்தோறும் வீட்டுக்குள் அனுமதித்த நாட்டில், அதே உறவைத் திரையில் காட்டுவதைப் பொறுக்காதவர்கள் இருந்தார்கள். பென்னியின் திரை வாழ்வைத் திறமையின் அளவுகோலால் அளக்கலாம். ஆண்டர்சனின் திரை வாழ்வை அப்படி மட்டும் அளப்பது நியாயமாகாது.

லூபிட்ஷ் கண்டுகொண்டது

1942 மார்ச்சில் வெளிவந்த ‘டு பி ஆர் நாட் டு பி’ படம்தான் இந்த வழக்கின் மையம். இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் நாயகன் பாத்திரத்தைப் பென்னியை மனதில் வைத்தே உருவாக்கினார். நாஜிகள் பிடித்த வார்சாவில் ஒரு நாடகக் குழு. அதன் முதன்மை நடிகர் யோசெஃப் டூரா, தன்னைவிடப் பெரிய நடிகன் இல்லை என்று நம்புகிறவர். வயலின் இல்லை, கஞ்சத்தனம் இல்லை, ராச்செஸ்டர் இல்லை. வானொலியின் அடையாளங்கள் ஒன்றுகூட இல்லாத இந்தப் படத்தில்தான் வானொலிப் பென்னி முழுமையாக இருக்கிறார்.

அந்தக் காட்சியைப் பார்ப்போம். டூரா ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வேடத்தில், கையில் புத்தகத்தோடு மேடையின் முன்பகுதிக்கு மெல்ல நடந்து வருகிறார். ஒரு கணம் நிற்கிறார். வசனம் மறந்துவிட்டது என்று எண்ணி, மேடைக்குக் கீழிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர் முதல் சொற்களைக் கிசுகிசுக்கிறார். டூரா அவரை முறைக்கிறார். பிறகு படத்தின் தலைப்பான அந்தப் புகழ்பெற்ற வரியைச் சொல்கிறார். சொன்ன மாத்திரத்தில் முன்வரிசைகளில் ஒன்றிலிருந்து ஒரு இளம் விமானப்படை அதிகாரி எழுந்து, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியேறுகிறார். டூராவின் வாய் பேச வேண்டும். கண் போகிறவரைத் தொடர்கிறது. டூராவின் மனைவியைப் பார்க்கத்தான் அவர் உடை மாற்றும் அறைக்குப் போகிறார் என்பது நமக்குத் தெரியும். டூராவுக்குத் தெரியாது, தன் நடிப்பைப் பொறுக்காமல் ஒருவன் எழுந்து போய்விட்டான் என்பதே அவருடைய துயரம். ஒலிவாங்கியின் முன் விழுந்த அதே இடைவெளிதான் இது. நேயரின் பதினாறு ஆண்டுப் பழக்கம் செய்த வேலையை இங்கே கதையே சில நிமிடங்களில் செய்துமுடிக்கிறது: அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே நம்மிடம் சொல்லிவிடுகிறது.

மற்ற ஏற்பாடும் அப்படியே. மனைவியாக நடித்த கரோல் லம்பார்டு முதல் குழுவின் சிறு நடிகர்கள்வரை எல்லோரும் டூராவின் செருக்கில் ஊசி குத்துகிறார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒற்றனின் வேடத்தில், நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போதுகூட, அந்த மாபெரும் நடிகர் டூராவைப் பற்றித் தெரியுமா என்று கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அதற்கு அதிகாரி சொல்லும் பதில், ஷேக்ஸ்பியரை அவர் படுத்திய பாட்டைப் போலந்தைத் தாங்கள் படுத்தும் பாட்டோடு ஒப்பிடுவது. அந்த வசனம் அன்று கடும் கண்டனத்துக்கு ஆளானது. லம்பார்டு 1942 ஜனவரி 16 அன்று விமான விபத்தில் இறந்திருந்தார். போரில் அமெரிக்கா நுழைந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சிரிக்க வேண்டிய படத்துக்கு அதைவிட மோசமான வேளை அமைந்திருக்காது. மகனை நாஜிச் சீருடையில் கண்ட பென்னியின் தந்தை பாதியிலேயே எழுந்துபோய்விட்டார் என்றும், கதையைப் புரியவைத்த பின் திரும்ப வந்து பலமுறை பார்த்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு. படத்தின் மதிப்பு பிற்காலத்தில்தான் உயர்ந்தது. 1996இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

இந்தப் பாடத்தைப் பிற நிறுவனங்கள் கற்கவில்லை. அதே ஆண்டு வார்னர் எடுத்த ‘ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்லெப்ட் ஹியர்’ ஓரளவு நெருங்கியது: மூல நாடகத்தில் பழைய பண்ணை வீட்டின்மேல் மோகம் கொண்டவர் கணவர், குறைசொல்பவர் மனைவி; படத்தில் பென்னிக்காக அதைத் தலைகீழாக மாற்றி, புலம்பும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். 1943இல் வந்த ‘தி மீனஸ்ட் மேன் இன் தி வேர்ல்டு’ அரைகுறையாக 57 நிமிடத்தில் முடிந்துபோனது. நல்லவரான ஒரு வழக்கறிஞர் பிழைப்புக்காகக் கெட்டவராக நடிக்கும் கதை அது. வானொலிப் பென்னியோ அற்பத்தனத்தை ஒருநாளும் நடித்ததில்லை. அவர் தன்னை உதாரகுணம் படைத்தவர் என்றே நம்பினார்.

தோல்வியின் பயன்

‘ஹார்ன்’ படத்துக்கு இப்போது வரலாம். வானொலி இசைக்குழுவில் எக்காளம் ஊதும் ஒருவர், காபி விளம்பரம் வாசிக்கப்படும்போது தூங்கிப்போகிறார், கனவில் தேவதூதராகிறார், நள்ளிரவில் ஒரு ஹோட்டலின் கூரையிலிருந்து எக்காளம் ஊதி உலகை முடித்துவைக்கும்படி அனுப்பப்படுகிறார். இயக்கியவர் அதிரடிப் படங்களுக்குப் பெயர்போன ராவுல் வால்ஷ். பெரிய அரங்கமைப்புகள், மாடி விளிம்பில் தொங்கும் ஆள்கள், இறுதியில் ராட்சதக் காபிக் கோப்பை என்று கண்ணுக்கு வேலை நிறைய. ஏப்ரல் 12 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்து நாடே துக்கத்தில் இருந்த வேளையில், உலகம் அழிவதைப் பற்றிய நகைச்சுவை அரங்குகளுக்கு வந்தது. வேளை கெட்டது உண்மை. என் பார்வையில் கோளாறு அதற்கு முன்பே பாத்திரத்தில் தொடங்கிவிட்டது. தேவதூதருக்குத் தற்பெருமை கிடையாது. குத்துவதற்குச் செருக்கே இல்லாத இடத்தில், சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு ஊசி வைத்திருந்தும் பயனில்லை.

ஆனால் படம் தோற்றதும் வானொலி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. கஞ்சன், வயதை மறைப்பவன், வயலினைக் கொல்பவன் என்ற பட்டியலில் ‘ஹார்ன் படத்தில் நடித்தவன்’ என்பதும் சேர்ந்தது. பெயரைச் சொன்னாலே சிரிப்பு. வார்னர் வாசலில் காவலாளி பென்னியை உள்ளே விட மறுக்க, அந்தப் படத்தைப் பார்த்ததுண்டா என்று இவர் கேட்க, அதை இயக்கியதே தான்தான் என்று காவலாளி பதில் சொல்லும் துணுக்கு மிகவும் பெயர்பெற்றது. உண்மையில் அந்தப் படம் அத்தனை கேவலமானதல்ல. இன்று பார்ப்பவர்கள் அதன் அரங்கமைப்பை வியக்கிறார்கள். படம் ஓடியிருந்தால் வார்னருக்கு லாபம். தோற்றதனால் பென்னிக்குப் பல ஆண்டுகளுக்கான நகைச்சுவைச் சரக்கு. சினிமா அவரைப் பயன்படுத்தத் திணறியதற்கு மாறாக, அவர் சினிமாவைத் தன் வானொலிக்குக் கனகச்சிதமாகப் பயன்படுத்திக்கொண்டார். கோல்மனின் ஆஸ்கரைத் திருடனிடம் பறிகொடுத்ததும் இதே வகைதான்.

1950 அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த ஆய்வின் முடிவுக்கு வலுச்சேர்க்கிறது. அங்கேயும் முகம் தெரிந்தது. கன்னத்தில் கை வைத்து அரங்கைப் பார்க்கும் அந்தப் பார்வையே அவருடைய முத்திரையானது. பழகிய ஆள்கள், அரைமணி நேரம், மீண்டும் மீண்டும் வரும் சந்திப்பு ஆகிய மூன்றும் அங்கே திரும்பக் கிடைத்தன. திரைப்படம் தர முடியாதவை இவைதான். லூபிட்ஷ் மட்டும் இவற்றுக்கு மாற்றுக் கண்டுபிடித்தார்.

எழுபதுகளில் பென்னிக்கு மறுபடியும் ஒரு நாயக வேடம் வந்தது. ‘தி சன்ஷைன் பாய்ஸ்’ படத்தில், ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு கிழட்டு மேடைக் கலைஞர்களில் ஒருவராக நடிக்க அவர் ஒப்பந்தமாகியிருந்தார். படப்பிடிப்புக்கு முன், 1974 டிசம்பர் 26 அன்று காலமானார். அந்த வேடம் அவருடைய நெடுநாள் நண்பரும் வானொலிக் காலத்துச் சகாவுமான ஜார்ஜ் பர்ன்ஸுக்குப் போனது. 1939இல் ‘ஹொனலுலு’ படத்துக்குப் பிறகு பெரிய வேடம் எதிலும் நடிக்காதிருந்த பர்ன்ஸ் அதற்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை எண்பதாவது வயதில் பெற்றார். தொடர்ந்து பல படங்களில் நடிக்கவும் செய்தார்.